நிலைமொழியும் வருமொழியும்

புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கும்பொழுது, முன்னே நிற்பது நிலைமொழி, பின்னே வந்து சேர்வது வருமொழி என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்தல் எம்மனோர் வழக்கம். கால் நூற்றாண்டுக்கு மேலாக இதனைச் சொல்லிவந்த எனக்கு, இதன் உட்பொருள் ஒரு பழைய மோட்டார்க் காரின் கம்பிகளுக்கும் திருகாணிகளுக்கும் நடுவே விளங்கும் என்று எவரேனும் கூறியிருந்தால் நான் நகைத்திருப்பேன். சென்ற ஆண்டு அது நிகழ்ந்தது.

எங்கள் வீட்டுக் கார் 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரம். என் தந்தையார் வாங்கியது. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஒஸ்ரினும் மொறிஸும் இன்னும் ஓடுவதைக் கண்டு வெளியூரார் வியப்பதுண்டு. அறுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளாலே புதிய கார்கள் வருவது அரிதாயிற்று. இருந்தவற்றைப் பேணுதலே வழியாயிற்று. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாதபோதும், அமுக்கம் குறைந்த இப்பழைய இயந்திரங்களே சில துளி பெற்றோலால் உயிர்பெற்று, பின் மண்ணெண்ணெயில் ஓடின. கைவிடாத பொருளை எவ்வாறு கைவிடுவது?

அக்காரிலே, வேகமானிக்குக் கீழுள்ள தட்டில் ஒரு வானொலிப்பெட்டி உண்டு. சில வால்வுகளும் ஒரு ஜேர்மேனியம் திரான்சிஸ்டரும் கொண்டது. குமிழைத் திருப்பினால் உடனே பேசாது. சூடேறிய பின்னரே பேசும். மின்சாரமும் இல்லை, உலர்மின்கலமும் இல்லை என்றிருந்த அக்காலத்தில், சிலர் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். எங்கள் முற்றத்திலோ காரின் கதவுகள் நான்கும் திறந்திருக்கும். திருச்சி வானொலியின் செய்தி கேட்க அயலார் கூடுவர். செய்தி முடிந்த கணமே, பற்றரி தீர்ந்துவிடும் என்று தந்தையார் குமிழைத் திருப்பிவிடுவார். அப்பாற் பாட்டுக் கேட்க விரும்பிய எங்களுக்கு அது பெருங்குறை.

தந்தையார் கந்தபுராண படனத்திலே பயன் சொல்பவர். அவர் பயன் சொல்வதை 1987இல் எவரோ ஒலிநாடாவிற் பதிந்திருந்தனர். அந்நாடா என் தங்கையோடு கனடா சென்றுவிட்டது. தந்தையார் மறைந்தது 2004இல். சென்ற ஆண்டு தங்கையின் மகன் அப்பதிவை விரலளவான யூ.எஸ்.பி. நினைவகமொன்றில் ஏற்றி அனுப்பினான். கைத்தொலைபேசியிற் கேட்கலாம், ஆனால் எண்பத்தாறு வயதான அம்மாவின் காதுக்கு அச்சிற்றொலி எட்டவில்லை.

“கோயிலுக்குப் போகேக்கை காருக்குள்ளை கேட்டால், அவரோடை போறமாதிரி இருக்கும், தம்பி” என்றார் அவர்.

நெல்லியடியிலே கார்களுக்கு மின்வேலை செய்யும் இளைஞரொருவரிடம் புதிய ஒலிக்கருவியுடன் சென்றேன். அவர் பற்றரியைப் பார்த்தார், தலையை அசைத்தார். “ஐயா, உங்கட காரிலை பொசிற்றிவ்தான் பொடியோடை நிக்குது. புதுச் செற்றை அப்பிடியே பூட்டினால் எரிஞ்சு போகும்.”

விளக்கம் கேட்டேன். அக்காலத்துப் பிரித்தானியக் கார்களிலே பற்றரியின் நேர்முனையைக் காரின் உடலோடு இணைத்தார்கள். இக்காலத்துக் கருவிகள் யாவும் எதிர்முனை உடலோடு இருப்பதை எதிர்பார்ப்பவை. கருவியின் இரும்புக் கூடே அதன் எதிர்முனை. அதனைக் காரின் உடலிலே திருகினால் மின்சாரம் குறுக்கே பாயும். கூடு உடலிற் படாமல் ஒதுக்கி வைத்து, இடையில் ஒரு மாற்றுக்கருவியைப் பொருத்தும் வழியும் உண்டாம். “ஒரு திருகாணி தட்டினாலும் சரி, ஏரியல் வயர் தட்டினாலும் சரி, எல்லாம் போச்சு” என்று அதனை அவர் விலக்கினார். எஞ்சியது காரின் முனைப்பையே மாற்றுவது. மாற்றினால், பழைய முனைப்புக்கென அமைந்த தந்தையாரின் வானொலி இனிப் பேசாது.

ஒரு கிழமை தயங்கினேன். அவருடைய குரலைக் கேட்பதற்கு, அவர் கேட்ட பெட்டியை ஊமையாக்குவதா? ஈற்றில் அம்மாவிடமே சொன்னேன். அவர் நெடுநேரம் சிந்திக்கவில்லை.

“அது பேசினது காணும். இனி அவர் பேசட்டும்.”

வேலை நடந்த நாள் முழுவதும் அருகிலிருந்தேன். பற்றரியின் நேர்முனைத் தண்டு எதிர்முனைத் தண்டிலும் தடித்தது, ஆதலாற் பழைய கவ்விகள் இடம்மாறிப் பொருந்தா, புதியன வேண்டும். எரிபற்றற் சுருளின் இரு கம்பிகளும் இடம்மாறின. முன்விளக்குகளுக்கோ, இயந்திரத்தைத் தொடக்கும் மோட்டாருக்கோ ஒன்றும் செய்யவேண்டியதில்லை. மின்சாரம் எத்திசையில் வரினும் அவை தம் தொழிலைச் செய்யும். பொன்னும் மலையும் பொன்மலை ஆவதுபோல அவை இயல்புப் புணர்ச்சி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

டைனமோ அத்தகையதன்று. அதன் இரும்பிலே எஞ்சிநிற்கும் சிறு காந்தம் பழைய முனைப்பை மறவாதிருக்கும். இளைஞர் அதன் ‘எஃப்’ முனையின் கம்பியைக் கழற்றி, பற்றரியிலிருந்து வேறொரு கம்பியை எடுத்து அம்முனையைத் தொட்டும் எடுத்தும் நின்றார். சிறு பொறிகள் பறந்தன. அவ்வளவே, அறுபது ஆண்டுப் பழக்கம் திரிந்துவிட்டது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆவதுபோல, இது திரிதல்.

புதிய கருவி 7 அங்குல அகலமும் 2 அங்குல உயரமும் உடையது. அதற்கேற்ற வாயில் இக்காரின் முகப்பில் இல்லை. தகட்டை வெட்டலாம் என்றார் இளைஞர். அதற்கு நான் இசையவில்லை. இடப்பக்கத்துப் பொருட்பெட்டியினுள்ளே கருவி அமர்ந்தது. பழைய ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பி காரின் உடலே. புதியதிலோ ஒலிபெருக்கியின் இரு கம்பிகளும் உடலைத் தொடுதல் ஆகாது. ஆதலாற் புதிய ஒலிபெருக்கிகள் இரண்டைப் பின்னிருக்கைக்கருகே வைத்தோம். பழைய பெட்டிக்கு ஒரே மின்கம்பி. புதியதற்கோ, காரின் திறப்பை எடுத்த பின்னரும் மின்சாரம் தரும் மஞ்சட் கம்பியொன்று மேலதிகமாக வேண்டும். கருவியின் நினைவைக் காப்பது அதுவே. இது தோன்றல். பல கிழமை ஓடாது நின்றால் அக்கம்பியே பற்றரியைச் சிறிது சிறிதாக உண்டுவிடும் என்று இளைஞர் எச்சரித்தார். டைனமோ தருவது மிகுதியாக 22 அம்பியர். முன்விளக்குகளுக்கே ஏறத்தாழ 8 வேண்டும். இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதோ அதுவும் கிடையாது. இரவிலே ஒலியைக் குறைத்து வையுங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்திக் காரை எடுத்தேன். முதலில் நாடாவின் இரைச்சல். எங்கோ ஒரு நாய்க்குரைப்பு. பின்பு ஒரு செருமல். அச்செருமலுக்கே அம்மா நிமிர்ந்துவிட்டார். தந்தையார் சூரபன்மனின் செருக்கை விரித்துப் பயன் சொல்லிக்கொண்டு வந்தார். இடையிலே தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, “அந்தத் தண்ணிச் செம்பு நான் கொண்டுபோனது” என்றார் அம்மா. கோயிலை அடைந்தும் அவர் இறங்கவில்லை. பதிவின் ஒரு பக்கம் முடியும்வரை வீதியோரம் காத்திருந்தோம்.

பழைய பெட்டியை அதன் தட்டிலேயே விட்டிருக்கிறேன். இறங்குமுன் கை பழக்கத்தால் அதன் குமிழைத் திருப்புகிறது. ஒலி இல்லை. இதுவே கெடுதல். மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது ஈற்று மகரம் கெடுகிறது; மரம் கெடுவதில்லை. இவ்விதியை இப்போது வகுப்பிலே சொல்லும்போது, முன்னரிலும் சற்று நிதானமாகச் சொல்லுகிறேன்.