விமானம் ஏன் இறங்காமல் திரும்பிப் போகிறது?



விமானச் சத்தம் கேட்டால் நாம் எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்போம். அது 35,000 அடி உயரத்தில் போகும்போது மழை மேகம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். கஷ்டமெல்லாம் கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான். அப்போது காற்றும் ஒத்துழைக்க வேண்டும், பாதையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

1. காற்று

பட்டம் விடும்போது எந்தப் பக்கம் ஓடுவோம்? காற்றை எதிர்த்துத்தானே! விமானமும் அப்படித்தான். அதை மேலே தூக்குவது தரையில் ஓடும் வேகம் இல்லை. இறக்கை மேல் காற்று பாயும் வேகம்தான்.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு விமானம் எழும்ப மணிக்கு 260 கி.மீ. காற்று வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் தரையில் 230 கி.மீ. வேகத்தில் ஓடினாலே போதும். அதே காற்று பின்னால் அடித்தால் 290 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும்! அதற்குப் பாதை நீளமாக வேண்டும். இறங்கும்போதும் இதே கதைதான். பின்காற்று இருந்தால் வேகமாக வந்து தரையைத் தொடும், நிற்க ரொம்ப தூரம் ஆகும்.

அதனால் காற்று மாறினால் ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து வருவார்கள். சென்னையின் பெரிய ஓடுபாதையில் ஒரு முனைக்கு எண் 07, மறுமுனைக்கு 25. திசைகாட்டியில் அவை சுமார் 70 டிகிரி, 250 டிகிரி. கழித்துப் பாருங்கள், 180 வரும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட, கம்பத்தில் நீளமான துணிக் கூம்பு கட்டியிருப்பார்கள்.

பக்கவாட்டில் காற்று அடித்தால்? மூக்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் திருப்பி, நண்டு மாதிரி வந்து, தரையைத் தொடும் நேரத்தில் நேராக்குவார்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் அன்று சென்னையில் இறங்க வந்த ஒரு விமானம் தரைக்கு மிக அருகில் தள்ளாடியது. விமானி உடனே மேலே கிளப்பிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

2. பார்வை

ஓடுபாதையில் எத்தனை மீட்டர் தூரம் தெரிகிறது என்று கருவி வைத்து அளப்பார்கள். மேகத்திலும் பனியிலும் ரேடியோ அலைகள் விமானத்துக்கு வழி காட்டும். ஆனால் சாதாரண வகைக் கருவி என்றால் 550 மீட்டராவது தெரிய வேண்டும். 200 அடி உயரத்துக்கு வந்தும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியவில்லை என்றால் இறங்கக் கூடாது. பனி அதிகமுள்ள டெல்லியில் இன்னும் உயர்ந்த கருவி இருக்கிறது. அதற்குப் பயிற்சி பெற்ற விமானிகள் 50 மீட்டர் தெரிந்தாலும் இறக்குவார்கள்.

பனி இயற்கை. ஆனால் 2018 போகி அன்று சென்னையில் பனியோடு புகையும் சேர்ந்துகொண்டது. பல விமானங்கள் வேறு ஊருக்குத் திரும்பின. டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தும் புகை யாருடைய கண்ணை மறைக்கிறது, பார்த்தீர்களா?

3. திரும்புவது தோல்வியா?

எங்கள் சித்தப்பா வந்த விமானம் ஒருமுறை மழையால் சென்னையில் இறங்காமல் பெங்களூர் போய்விட்டது. அழைக்கப் போனவர்கள் ராத்திரி முழுக்கக் காத்திருந்தார்கள். "இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தவனுக்கு இறக்கத் தெரியலையா?" என்று அப்பாயி திட்டிக்கிட்டே இருந்தாங்க.

ஆனால் கோழிக்கோட்டில் என்ன நடந்தது தெரியுமா? 2020 ஆகஸ்ட் 7 இரவு, நல்ல மழை. துபாயிலிருந்து 190 பேரோடு வந்த விமானம் முதல் முறை இறங்காமல் மேலே போனது. இரண்டாவது முறை மறுமுனையிலிருந்து, பின்காற்றோடு வந்தது. கிட்டத்தட்ட பாதி ஓடுபாதையைத் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. அது மேசை மாதிரி மேட்டின் மேல் இருக்கும் ஓடுபாதை. விமானம் நிற்க முடியாமல் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகளோடு சேர்த்து 21 பேர் இறந்துபோனார்கள். அந்த நேரத்திலும் மறுபடி மேலே ஏறியிருக்க வேண்டும் என்பதுதான் விசாரணையில் சொல்லப்பட்டது.

எனவே தோழர்களே! திரும்பிப் போவதற்கும் சேர்த்துத்தான் விமானத்தில் எரிபொருள் நிரப்புகிறார்கள். அப்படியென்றால் திரும்புவதும் பயணத்தின் ஒரு பகுதிதானே. உங்கள் வீட்டுக்கு யாராவது விமானத்தில் வரும்போது தாமதமானால், விமானியைத் திட்டாதீர்கள். நம் ஆட்களைப் பத்திரமாகக் கொண்டு வரத்தான் அவர் திரும்பியிருக்கிறார். ஒருநாள் தாமதம், அவ்வளவுதான். அப்பாயிகிட்ட இதைச் சொன்னேன். "ஆமா, சித்தப்பன் மறுநாள் வந்து சேர்ந்துட்டான்ல" என்றார்கள்.

யோசியுங்கள்: சென்னையின் இன்னொரு ஓடுபாதையில் ஒரு முனையின் எண் 12. மறுமுனையின் எண் என்ன? விடை அடுத்த தாளில்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி