வெள்ளி மோதிரமும் ஊதிய கண்ணாடியும்

திருமண வைபவத்தில் மணமகளுக்கு என்ன அன்பளிப்பு வழங்குவது என்பதில் நமக்குத் தயக்கம் எழுவதில்லை. மணமகனுக்கு என்னும்போதுதான் கேள்வி பிறக்கிறது. தங்கமும் பட்டும் ஆண்களுக்கு ஆகுமானவை அல்ல என்று அறிந்திருந்தும், வழக்கத்தின் அழுத்தத்தால் தங்க மோதிரம் மணமகன் விரலில் ஏறிவிடுவதுண்டு. இதற்கு மாற்றாக, இஸ்லாமியப் பண்பாடு பேணி வளர்த்த இரு கைவினைகளை இங்கு நினைவுகூர விரும்புகிறோம். ஒன்று வெள்ளி வேலை. மற்றொன்று வாயால் ஊதிச் செய்யும் கண்ணாடி.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு அரசர்களுக்கு மடல் அனுப்ப விழைந்தபோது, முத்திரையில்லாத மடலை அவர்கள் ஏற்பதில்லை எனத் தெரிவிக்கப்பட்டது. அதன்பின் வெள்ளியில் ஒரு முத்திரை மோதிரம் செய்வித்தார்கள். அதில் முஹம்மத், ரசூல், அல்லாஹ் என்னும் சொற்கள் மூன்று வரிகளாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோர் அடுத்தடுத்து அணிந்த அம்மோதிரம், இறுதியில் மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்தது; மூன்று நாட்கள் தேடியும் கிடைக்கவில்லை. ஆக, அது அணிகலன் என்பதைவிடப் பொறுப்பின் அடையாளமாகவே விளங்கியது. சட்ட அறிஞர்களும் இதில் அளவைப் பேணினர். ஆண் அணியும் மோதிரம் ஒரு மிஸ்காலுக்கு, அதாவது ஏறத்தாழ 4.4 கிராமுக்கு, உட்பட்டிருக்க வேண்டும் என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. வழக்கத்தை மீறிய ஆடம்பரம் ஆகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் அளவுகோல்.

அதே வெள்ளி உண்கலமாகும்போது தீர்ப்பு மாறிவிடுகிறது. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் இருபாலருக்கும் தடுக்கப்பட்டுள்ளன. ஆயினும் நபிகளாரின் கோப்பை உடைந்தபோது, விரிசல் கண்ட இடம் வெள்ளியால் இணைக்கப்பட்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. விருந்து மேசையின் அழகை முஸ்லிம் கைவினைஞர்கள் மண்ணிலும் பித்தளையிலும் கண்ணாடியிலும் தேடியதற்கு இத்தடையும் ஒரு காரணம் எனலாம்.

ஊதுகுழலால் கண்ணாடி செய்யும் முறை கி.மு. முதல் நூற்றாண்டளவில் சிரிய, ஃபலஸ்தீனப் பகுதியில் தோன்றியது. உலையில் உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழலின் நுனியில் திரட்டி, மறுமுனையில் ஊதியவாறே உருட்டி உருக்கொடுக்கின்றனர். பிறகு வேறோர் அடுப்பில் மெல்ல மெல்ல ஆறவிடுகின்றனர். விரைந்து ஆறினால் அது வெடித்துவிடும். இவ்வாறு ஊதிய சிறு குப்பியில் அத்தரை நிரப்பி வழங்குவது ஆணுக்கு ஏற்ற அன்பளிப்பாகும். நறுமணத்தை நபிகளார் மறுத்ததில்லை என்பதும் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பே.

இக்கலைகள் அழியக்கூடியவை என்பதற்கு வரலாறே சான்று. மம்லூக்குகள் காலத்துச் சிரியாவும் எகிப்தும் வண்ணப்பூச்சு மிளிரும் பள்ளிவாசல் விளக்குகளால் புகழ்பெற்றிருந்தன. 1401இல் டமாஸ்கஸைக் கைப்பற்றிய தைமூர் அந்நகரின் கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டு சென்றார். பதினைந்தாம் நூற்றாண்டில் அக்கலை தேய்ந்தது. 1569இல் உஸ்மானியத் தலைமை அமைச்சர் சொகொல்லு மெஹ்மத் பாஷா, விளக்குகளுக்காக வெனிஸ் நகரை நாட வேண்டியதாயிற்று. நம் காலத்தில், 2023இல், சிரியாவின் மரபுவழிக் கண்ணாடி ஊதும் கலையை உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. அதே ஆண்டில் பத்து அரபு நாடுகளின் பொன், வெள்ளி, செம்புச் செதுக்குக் கலையும் மானுட மரபாக ஏற்கப்பட்டது. பட்டியல் மட்டும் உலையை எரியவைக்காது, வாங்குவோர் வேண்டும்.

வாங்குவோர் சிலவற்றைக் கவனிப்பது நன்று. தூய வெள்ளி மென்மையானது. எனவே ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியுடன் பெரும்பாலும் செம்பைக் கலப்பர். 925 என்னும் முத்திரை இதையே குறிக்கும். கண்ணாடியில் சிறு குமிழிகள், சீரற்ற கனம், அடிப்புறத்தில் இரும்புக்கோல் பற்றிய வடு ஆகியவை கைவேலையின் தடயங்கள். அவற்றைக் குறையென்று ஒதுக்கிவிடலாகாது.

சுவனத்தின் கிண்ணங்களைத் திருமறை (76:16) வெள்ளியாலான பளிங்கு என வருணிக்கிறது. வெள்ளியின் வெண்மையும் கண்ணாடியின் தெளிவும் அங்கு ஒன்றுகூடும் என விரிவுரையாளர்கள் விளக்குவர். இவ்வுலகிலோ வெள்ளி விரலுக்கும் கண்ணாடி விருந்துக்குமாகப் பிரிந்து நிற்கின்றன. இவ்விரண்டையும் அளவோடு வழங்கினால் மார்க்கத்தின் வரம்பும் பேணப்படும். உலையருகே அமர்ந்திருப்பவரின் வாழ்வும் காக்கப்படும்.