இரு மையம், ஒரு சாலை

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் ஒரே கணக்கைப் பேணும் இரு கணிப்பொறி மையங்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒன்றில் பதிவாவது மற்றொன்றிலும் உடனே படியெடுக்கப்படும். 'உயிரோடிருக்கிறேன்' என்னும் துடிப்புச் செய்தியும் இடையறாது செல்லும். துடிப்பு நின்றால் எதிர்மையம் இறந்ததா, இடைவடம் அறுந்ததா என்பது விளங்காது. இரண்டும் தாமே தலைமையென எழுந்தால் கணக்கு இரண்டாகும். ஆதலின் இரு வடங்கள் வேண்டும். ஆயினும், இரண்டையும் மதுரை–கொல்லம் நெடுஞ்சாலை ஓரத்திலேயே புதைத்தால்?

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தை முற்பகல் 11.40க்கு முடங்கியது, பிற்பகல் 3.45க்கே மீண்டது. இரு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தும், மையங்களுக்கு இடைப்பட்ட சாலையில் நடந்த தோண்டுபணியால் இரண்டுமே தடுமாறின என்றும், சேமிப்பமைப்பு திட்டமிட்டபடி மாறிக்கொள்ளவில்லை என்றும் சந்தை விளக்கமளித்தது. பின்னதே பெரும்பிழை என்பேன்.

நம் இரு நகரங்களையும் இருப்புப்பாதையும் இணைக்கின்றது. இரண்டாம் வடம் அவ்வழிச் செல்லுமாயின் ஒரே மண்வெட்டிக்கு இரண்டும் பலியாகா.