பழைய லெதர் பேக் வாங்கி விக்கலாமா? மூணு பையை வச்சு ஒரு கணக்கு

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டுக்கு லீவு. ஹேண்ட்பேக் பத்திப் பேசப்போறோம். வரியும் கடைசியில கொஞ்சம் வரும். சி.ஏ. படிச்சுட்டு அது இல்லாம ஒரு பதிவு எழுத எனக்குக் கை வராது.

போன மாசம் ஜேடர்பாளையத்துல எங்க சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தடுப்பணைகிட்ட மீன் வறுவல் சாப்பிட்டுட்டு அன்னைக்கு ராத்திரியே கிளம்பறதாத்தான் திட்டம். சின்னம்மா பொண்ணு விடலை. "அக்கா, ஒரே ஒரு கணக்கு மட்டும் பார்த்துக் குடுத்துட்டுப் போங்க"ன்னு நோட்டும் பேனாவுமா வந்து உட்கார்ந்துட்டா.

விஷயம் இதுதான். ஆன்லைன்ல ஒருத்தர் பழைய லெதர் ஹேண்ட்பேக் 30-ஐ மொத்தமா தர்றாராம். ஒண்ணு 700 ரூபாய், மொத்தம் 21,000. வீட்டுலயே துடைச்சு, பளபளன்னு ஆக்கி, ஒண்ணு 1,500-க்கு வித்தா பாதிக்குப் பாதி லாபம். காசுக்கு என்ன பண்ணுவேன்னு கேட்டேன். கழுத்துல கிடந்த செயினைத் தொட்டுக் காமிச்சா. மாப்பிள்ளை லாரிக்குப் போயிருந்தார், வர ஒரு வாரம் ஆகும். அவருக்கு இன்னும் தெரியாது.

மாதிரிக்கு மூணு பை வாங்கி வச்சிருந்தா. 2,100 ரூபாய் ஏற்கெனவே போயாச்சு. நான் சொன்னேன்: "செயின் கழுத்துலயே இருக்கட்டும் சாமி. முதல்ல இந்த மூணையும் துடைச்சு வித்துப் பார்ப்போம். அதுக்கப்புறம் கணக்கு."

தோலா, ரெக்சினா?

திண்ணையில பழைய வேட்டியை விரிச்சு மூணு பையையும் வச்சோம். ஒண்ணு பழுப்பு, ஒண்ணு கருப்பு, ஒண்ணு மெரூன். பார்க்க மூணுல கருப்புதான் புதுசு மாதிரி இருந்துச்சு. அதுதான் வில்லன்.

கருப்புப் பையோட வார் மடியற இடத்துல நகத்தால லேசா சுரண்டினேன். கருப்புப் படலம் காகிதம் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அடியில வெள்ளைத் துணி. இது தோலே கிடையாது, துணி மேல பாலியூரிதேன் பூசினது. நம்ம ஊர்ல பொதுவா ரெக்சின்னு சொல்லிடுவோம். இந்தப் பூச்சு காத்துல இருக்கற ஈரத்தாலேயே நாளாக நாளாக உடைஞ்சு போகும். பயன்படுத்தாம பீரோவுல பூட்டி வச்சாலும் சில வருஷத்துல உரியும். உரிய ஆரம்பிச்சா எந்த க்ரீமும் ஒட்ட வைக்காது. துடைக்கத் துடைக்க இன்னும் வேகமாத்தான் உரியும்.

தோலை எப்படிக் கண்டுபிடிக்கறது? பையோட உள்பக்கம் தையல் ஓரத்துல, வெட்டின விளிம்பைப் பாருங்க. தோலா இருந்தா நார் நாரா, வெல்வெட் மாதிரி தெரியும். துணி நெசவு தெரிஞ்சா தோல் இல்லை. மேல்பக்கம் இருக்கற நுண்துளைகள் ஒரே அச்சா வரிசையா இருந்தா சந்தேகப்படுங்க, மாட்டுத் தோல்ல அவ்வளவு ஒழுங்கு இருக்காது. ஓரம் முழுக்கப் பெயின்ட் அடிச்சு மூடியிருந்தா, உள்பாக்கெட்டைத் திருப்பி, தையல் விட்டுப்போன இடம் ஏதாவது கிடைக்குதான்னு தேடுங்க. நெருப்பு வச்சுப் பார்க்கற வேலை மட்டும் வேண்டாம். பையும் போகும், விரலும் போகும்.

நல்ல தோல்னா ஏன் இவ்வளவு மதிப்புன்னு ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டுப் போறேன். நம்ம தமிழ்நாட்டுல ஆவாரம் பட்டையில தோலைப் பதப்படுத்தற பழக்கம் ரொம்பப் பழசு. அந்த வழியில வந்ததைத்தான் வெளிநாட்டு வியாபாரிங்க ஈஸ்ட் இந்தியா லெதர்னு வாங்கினாங்க. இப்ப அதுக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. சென்னை அடையாறுல 1948-லயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்துடுச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் உங்களுக்கே தெரியும். இப்ப சந்தையில இருக்கற பெரும்பாலான தோல் குரோம் உப்புல பதப்படுத்தினதுதான். ஆனா எந்த வழியில பதப்படுத்தினாலும் தோல் தோல்தான், கவனிச்சா பத்து, பதினஞ்சு வருஷம் நிக்கும். 700 ரூபாய்க்கு அது கிடைச்சா லாபம். 700 ரூபாய்க்கு உரியற ரெக்சின் கிடைச்சா, அது வாங்கின அன்னைக்கே நஷ்டம்.

திண்ணையில மூணு நாள்

முதல் வேலை காலி பண்றது. உள்துணியை வெளியே இழுத்து உதறினா எவனோ ஒருத்தனோட பஸ் டிக்கெட், பாதி சீப்பு, ரெண்டு புளிப்பு மிட்டாய். பழைய டூத் பிரஷ்ஷால தையல் இடுக்குல இருந்த தூசியை எடுத்தோம்.

அடுத்தது ஒரு சொட்டுத் தண்ணி. அடிப்பக்கம், வெளியே தெரியாத இடத்துல வைங்க. தண்ணி முத்து மாதிரி நின்னா மேல பூச்சு இருக்கற தோல், பயமில்லாம ஈரத்துணியால துடைக்கலாம். உடனே உறிஞ்சி இருட்டாச்சுன்னா பூச்சு இல்லாத தோல். அதுல தண்ணியும் கறையாகும், ரொம்பக் கவனமா இருக்கணும். எங்க பழுப்புலயும் மெரூன்லயும் முத்து நின்னுச்சு.

சின்னம்மா உள்ளேயிருந்து பாத்திர சோப்பும் ஆப்ப சோடாவும் எடுத்துட்டு வந்தாங்க. "இதுல போடாத அழுக்கா போயிரும்?" அழுக்கு போகும் சின்னம்மா, கூடவே தோலும் போகும். தோல் இயல்பாவே லேசான அமிலத்தன்மை உள்ளது. சோடா, சலவை சோப்பு எல்லாம் காரம். அதைப் போட்டுத் தேய்ச்சா தோல் வறண்டு விறைச்சு, பின்னாடி வெடிக்கும். ஒரு டம்ளர் தண்ணியில குழந்தைங்க ஷாம்பு ரெண்டு சொட்டு விட்டு, நுரையை மட்டும் வெள்ளைப் பருத்தித் துணியில எடுத்துத் துடைச்சோம். வெள்ளைத் துணிதான் வேணும். அழுக்கு வருதா, சாயம் வருதான்னு அதுலதான் தெரியும். அப்புறம் வெறும் ஈரத்துணி, அப்புறம் காஞ்ச துணி. நிழல்ல, காத்தாட ஒரு ராத்திரி. வெயில்லயோ ஹேர் டிரையர்லயோ காய வைக்காதீங்க.

பழுப்பு ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுது. நிறமில்லாத லெதர் க்ரீமை ஒரு கடலைப்பருப்பு அளவு எடுத்து மெல்லிசா தடவி, கால் மணி நேரம் விட்டுத் தேய்ச்சதும் பாதி உயிர் வந்துடுச்சு. ஜிப்தான் இறுகிக் கிடந்துச்சு, மெழுகுவத்தியை மேல ரெண்டு தடவை உரசினதும் ஓடுச்சு.

மெரூன்தான் உயிரை வாங்கிச்சு. உள்ளே பூசணம். காவிரிக்கரை வீடு, பக்கத்துல ராஜா வாய்க்கால், தோட்டம் பூரா ஈரம். இப்படிப்பட்ட இடத்துல பாலித்தீன் கவர்ல கட்டி வச்ச பை பூசணம் பிடிக்காம எப்படி இருக்கும்? வாசலுக்கு வெளியே எடுத்துட்டுப் போயி, முகத்துல துணியைக் கட்டிக்கிட்டு, காஞ்ச பிரஷ்ஷால தட்டினோம். வீட்டுக்குள்ள தட்டினா அது பக்கத்துல இருக்கற செருப்பு, பெல்ட் எல்லாத்துக்கும் பரவும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் சமமா கலந்து, ஓரத்துல சாயம் போகுதான்னு சோதிச்சுட்டு, லேசா ஒத்தி எடுத்தோம். வாசனைக்கு, ஒரு சின்னக் கிண்ணத்துல ஆப்ப சோடா போட்டுப் பைக்குள்ள ரெண்டு நாள் வச்சோம். சின்னம்மாவோட சோடா கடைசியில பயன்பட்டுச்சு, தோல் மேல படாம.

முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை. யாரோ பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ச்சிருக்காங்க. நம்ம வீடுகள்ல இது வழக்கமான வைத்தியம். அன்னைக்குப் பளபளக்கும். அப்புறம் அந்த இடம் மட்டும் கறுக்கும், தூசி ஒட்டும், பூசணத்துக்கும் வசதி. சோள மாவைக் கனமா தூவி ராத்திரி பூரா விட்டு, காலையில தட்டினோம். மூணு ராத்திரி இதே வேலை. முக்கால்வாசி போச்சு, மீதி போகலை. பழைய எண்ணெய் முழுசா போகாது, விக்கறப்ப அதைச் சொல்லித்தான் விக்கணும். அதே மாதிரி, கறையை மறைக்க ஷூ பாலிஷ் போடற ஆளுங்களும் உண்டு. வாங்கினவங்க வெள்ளைச் சுடிதார்ல அது ஒட்டினா, அடுத்த வியாபாரம் உங்களுக்கு இல்லை.

மெரூனுக்கு ஜிப்பும் மாத்த வேண்டியிருந்துச்சு. பரமத்தி வேலூர்ல செருப்பு தைக்கற அண்ணன் ஒருத்தர் ஜிப்புக்கு 150, விட்டுப்போன தையலுக்கு 60 வாங்கினார். வீட்டு ஊசியில நாம முயற்சி பண்ணியிருந்தா ஓட்டைதான் பெருசாகியிருக்கும்.

இப்ப நோட்டை எடு

ரெண்டு பையும் வித்துச்சு. பழுப்பு 1,600, மெரூன் கறையோட 1,300. ஆக மொத்தம் 2,900.

செலவுப் பக்கம்: மூணு பை 2,100. க்ரீம், ஆல்கஹால், பிரஷ் எல்லாம் 530, ஆனா அது பத்துப் பைக்கு வரும். ரெண்டு பையோட பங்கு 106. தையல்காரருக்கு 210. கூரியர் ரெண்டுக்கும் 220. கூட்டினா 2,636.

லாபம் 264 ரூபாய். துடைக்க, போட்டோ எடுக்க, விலை பேச, கூரியர் ஆபீஸ் போக ஏழு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 38 ரூபாய் கூட வரலை.

அவ முகம் வாடிப்போச்சு. இருந்தாலும் இதே கணக்கை இன்னொரு தடவை போடச் சொன்னேன், அந்தக் கருப்புப் பையை மட்டும் எடுத்துட்டு. லாபம் 964. மணிக்கு கிட்டத்தட்ட 138 வருது. உழைப்பு அதே உழைப்பு, க்ரீம் அதே க்ரீம். வாங்கறப்ப ஒரு நிமிஷம் வாரைச் சுரண்டிப் பார்த்திருந்தா, லாபம் மூணரை மடங்கு. ஆனா மொத்தமா வாங்கற கட்டுல எதையும் சுரண்டிப் பார்க்க விடமாட்டாங்களே. அதனாலதான் அது 700.

இனி செயின் கணக்கு. 30 பையிலயும் மூணுக்கு ஒண்ணு இப்படித்தான்னு வச்சுக்குவோம். 264-ஐப் பத்தால பெருக்கினா 2,640. மாசம் ரெண்டு பை வித்தா, தேறின 20 பை போக பத்து மாசம். 21,000-க்கு வருஷம் 12% வட்டின்னா மாசம் 210, பத்து மாசத்துக்கு 2,100. கையில மிஞ்சறது 540 ரூபாய், 70 மணி நேர வேலைக்கு. நடுவுல செயின் லாக்கர்ல, மாப்பிள்ளைக்குப் பதில் சொல்றது தனி.

அவ கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துட்டு இருந்தா. அப்புறம் கேட்டா, "அக்கா, அப்ப மத்தவங்க பையை வாங்கித் துடைச்சுக் குடுத்தா?"

அதுதான் சரியான கேள்வி. ஒவ்வொரு வீட்டு பீரோவுலயும் பூசணம் பிடிச்ச ஒரு நல்ல தோல் பை இருக்கு. அதைத் துடைச்சுக் குடுக்க 400 வாங்கினா, சரக்கு முடக்கமே இல்லை. ரெக்சினா இருந்தா கையில வாங்கறப்பவே திருப்பிக் குடுத்துடலாம். நேரம்தான் முதல்.

வரி, சுருக்கமா

உங்க சொந்தப் பையை வித்தா அது தனிப்பட்ட உபயோகப் பொருள், மூலதன ஆதாய வரி கிடையாது. விக்கறதுக்குன்னே வாங்கி வித்தா அது வியாபார வருமானம், கணக்குல காட்டணும்.

ஜி.எஸ்.டி.யில பலரும் மாட்டற இடம் ஒண்ணு இருக்கு. பொருள் வித்தா தமிழ்நாட்டுல வருஷம் 40 லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா வேற மாநிலத்துக்கு, பெங்களூருக்கு ஒரே ஒரு பையைக் கூரியர்ல வித்தாக்கூட, அந்த வரம்பு உதவாது. வெளிமாநிலத்துக்குப் பொருள் விக்கப் பதிவு கட்டாயம். துடைச்சுக் குடுக்கற சேவைக்கு அப்படி இல்லை, 20 லட்சம் வரைக்கும் வெளிமாநில வாடிக்கையாளர் இருந்தாலும் பரவாயில்லை. பதிவு பண்ணிப் பழைய பொருள் விக்கறவங்களுக்கு ஒரு சலுகை: வாங்கறப்ப உள்ளீட்டு வரி எடுக்கலைன்னா, வித்த விலைக்கும் வாங்கின விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். சுத்தம் பண்ற மாதிரி சின்ன வேலை செஞ்சிருந்தாலும் இது பொருந்தும்.

போலி பிராண்டு முத்திரை உள்ள பையைத் தெரிஞ்சே விக்கறது குற்றம், ஜெயில் வரைக்கும் போகும். மலிவுக் கட்டுல இதையும் பாருங்க. 2025 ஏப்ரல் 22-லேர்ந்து 10 லட்சத்துக்கு மேல விலை உள்ள ஹேண்ட்பேக் வாங்கினா கடைக்காரர் 1% டி.சி.எஸ். பிடிக்கணும். ஜேடர்பாளையத்துல இப்போதைக்கு யாருக்கும் அந்தக் கவலை இல்லை.

சின்னம்மா பொண்ணு இதுவரைக்கும் ஆறு பை துடைச்சுக் குடுத்திருக்கா. அஞ்சுக்கு 400, சின்னம்மாவோட பைக்கு மட்டும் இலவசம். கருப்புப் பை அவங்க வீட்டுல வெத்தலைக் கொடி கட்டற நார் போட்டு வைக்கற பையாயிடுச்சு.