அத்தை ஊரில் ஏன் ஒரே கம்பி?

ஊரிலிருந்து அத்தை வந்திருந்தாள். வந்த மறுநாள் காலையில் வாசலில் இரண்டு இளைஞர்கள் வந்து நின்றார்கள். "இப்போது இருக்கும் நெட்டை விட்டு எங்களிடம் வாருங்கள். முதல் மாதம் இலவசம்!" என்றார்கள். முந்தின வாரம்தான் வேறொரு கம்பெனிக்காரர் வந்து போயிருந்தார்.

அத்தைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "உங்களைத் தேடி வாசலுக்கே வருகிறார்களே! எங்கள் ஊரில் நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். பாடம் படிக்கப் பேத்தி மொட்டை மாடிக்குப் போகிறாள். மழை வந்தால் அதுவும் போச்சு. ரீசார்ஜுக்குக் காசு மட்டும் உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்!" என்றாள்.

நியாயமான கேள்விதான். விடை சட்டத்தில் பாதி, சந்தையில் பாதி இருக்கிறது.

செல்போன் நெட்டுக்கு இன்ன விலைதான் என்று சர்க்கார் நிர்ணயிப்பதில்லை. 1997-ல் ஏற்பட்ட 'டிராய்' என்ற ஒழுங்குமுறை ஆணையம் அதைக் கம்பெனிகளிடமே விட்டிருக்கிறது. வாடிக்கையாளர்களிடையே பாரபட்சம் காட்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஆகவே விலையை இறக்க வேண்டியது போட்டிதான். இறக்கவும் செய்தது! 2014-ல் ஒரு ஜி.பி. சராசரியாக 269 ரூபாய். 2016 செப்டம்பரில் ஜியோ களத்தில் குதித்த பிறகு, 2018-ல் சுமார் 12 ரூபாய்.

இதற்கு ஒரு சின்ன விதியும் ஒத்தாசை செய்தது. ஒரு கம்பெனியின் போனிலிருந்து இன்னொரு கம்பெனியின் போனுக்குப் பேசினால், முதல் கம்பெனி இரண்டாவதற்கு நிமிஷத்துக்கு 14 பைசா கொடுக்க வேண்டும். 2017 அக்டோபரில் அது 6 பைசாவாயிற்று. 2021 ஜனவரியில் பூஜ்யம். புதிதாக வந்தவருக்குக் கொண்டாட்டம். பழைய கம்பெனிகளோ, "இந்த வருமானம் போனால் கிராமத்து டவர்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று முறையிட்டன.

விலைப் போரில் பலர் கடையைக் கட்டினார்கள். மிஞ்சியவை மூன்று பெரிய தனியார் கம்பெனிகளும் அரசாங்கத்தின் பி.எஸ்.என்.எல்.லும். 2024 ஜூலையில் அந்த மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கட்டணத்தை உயர்த்தின. பி.எஸ்.என்.எல். உயர்த்தவில்லை, லட்சக்கணக்கானவர்கள் அங்கே மாறினார்கள். தெருவில் இன்னொரு கடை இருப்பதன் அருமை அப்போதுதான் தெரிகிறது!

சரி, வீட்டுக்கு வரும் கம்பி? நகரத்தில் ஒரு தெருவில் கம்பி இழுத்தால் நூறு வீடு கிடைக்கும். கிராமத்தில் வயலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி இழுத்தாலும் கிடைப்பது பத்து வீடாக இருக்கலாம். லாபம் பார்க்கிறவர் எப்படி வருவார்?

அதற்காகத்தான் ஒரு சட்டம். டெலிபோன் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் கிராமங்களுக்கான நிதியில் கட்ட வேண்டும். 2002 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் செய்யும் ரீசார்ஜிலிருந்தும் அதற்குப் பணம் போகிறது, சகோதரிகளே! சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் 'பாரத்நெட்' திட்டத்துக்கு 2011-ல் அனுமதி கிடைத்தது. 2023-ல் மேலும் 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நம் மாநிலத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு என்று திட்டமிட்டார்கள்.

ஆனால் பஞ்சாயத்து ஆபீஸ் வரை கம்பி வந்துவிட்டால் அத்தை வீட்டுக்கு வந்ததாகுமா? கடைசி நானூறு அடியில்தான் சங்கடமே இருக்கிறது. அந்தப் பொதுக் கம்பியை உள்ளூர்க் கேபிள்காரர் முதல் பெரிய கம்பெனி வரை எல்லாரும் நியாயமான வாடகைக்கு எடுத்து வீடுகளுக்கு நெட் கொடுத்தால்தான் போட்டி பிறக்கும், விலையும் இறங்கும். பொதுப் பணத்தில் போட்ட ரோட்டில் ஒரே பஸ் ஓடினால் யாருக்கு லாபம்?

அத்தையிடம் இருப்பது பட்டன் போன். அவளுக்கு நெட்டே வேண்டாம், பேசினால் போதும். அப்படிப்பட்டவர்களுக்காகப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டுமுள்ள ரீசார்ஜ் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது. கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என்னவோ குறித்துக்கொண்டாள்.

"என்ன அத்தை எழுதுகிறீர்கள்?"

"அடுத்த கிராம சபையில் கேட்க வேண்டியதை. கம்பி பஞ்சாயத்து ஆபீஸுக்கு வந்தாயிற்றா? வந்திருந்தால், எங்கள் தெருவுக்கு எப்போது? கேள்வி கேட்க மாதச் சந்தா ஒன்றும் கட்ட வேண்டாமே!" என்றாள் அத்தை.