காத்திருக்க முடியாதவர்கள்

பொருளாதார மந்தம் என்று அறிஞர்கள் குறிப்பிடும் அந்த ஆபத்து, ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ வேலையிழந்தோரின் ஜாபிதாவாக ஒருநாளும் வந்து சேர்வதில்லை. வாரத்தில் ஆறு நாள் ஓடிய தறி மூன்று நாள் ஓடும். மூன்று ஷிப்டு நடந்த நூற்பாலையில் இரண்டு ஷிப்டு நடக்கும். ஆள் வேலையில்தான் இருக்கிறான், ஆனால் சனிக்கிழமை கையில் வாங்கும் கூலி பாதியாகிவிட்டது. கணக்கெடுக்க வரும் சர்க்கார் உத்தியோகஸ்தரிடம் அவன் தன்னை நெசவுத் தொழிலாளி என்றே சொல்வான். அதில் பொய்யும் இல்லை. ஆகையால் நாட்டுக் கணக்கில் இடம் பெறாமலே ஒரு வட்டாரம் முழுவதும் மாதக்கணக்கில் அரைவயிற்று ஜீவனம் நடத்துவது சாத்தியமாகிறது. சென்ற வாரம் வட்டி விகிதங்களையும் ஏற்றுமதியையும் பற்றிப் பேசினோம். இந்த வாரம், அந்தப் பெரிய விஷயங்கள் ஒரு வீட்டுக்குள் நுழையும் வழியைப் பார்க்க விரும்புகிறேன்.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் என்னும் ஊர்களில் விசைத்தறிகள் நெய்வது வேட்டியும் அல்ல, சேலையும் அல்ல. நாட்டின் ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி. நூல் வருகிறது; பாவு ஓட்டிப் பசை போட்டுத் தறியில் ஏற்றுகிறார்கள்; நெய்த துணியை வெளுத்து, வெட்டி, சுருட்டிக் கட்டுகிறார்கள். சுருட்டுவதும் கட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. மந்தகாலத்தில் மனிதருக்கு அடிபடுவது குறையப் போவதில்லை, அறுவைச் சிகிச்சைகளும் நிற்கப் போவதில்லை; எனவே இந்தத் தொழிலுக்கு ஏற்ற இறக்கமே கிடையாது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணக்கூடும். ஆனால் ஆஸ்பத்திரிகளுக்குச் சப்ளை செய்யும் விலை டெண்டரில் முன்கூட்டியே கட்டுப்பட்டுவிடுகிறது. நூலின் விலையோ எந்தக் கட்டுக்கும் அடங்குவதில்லை. 2021-ம் வருஷ ஆரம்பத்தில் கண்டி ஒன்றுக்கு 50,000 ரூபாய்க்கும் கீழே இருந்த பஞ்சு, 2022 மே மாதத்தில் 1,00,000 ரூபாயைத் தாண்டிற்று. 356 கிலோ கொண்ட அந்த ஒரு கண்டியின் விலைதான் இந்த வட்டாரத்தின் நாடித்துடிப்பு. 2021 பிப்ரவரியில் இறக்குமதிப் பஞ்சின்மீது போடப்பட்ட 11 சதவீத வரியை மத்திய சர்க்கார் 2022 ஏப்ரல் 14-ம் தேதி முதல் தாற்காலிகமாக நீக்கிற்று. நிவாரணம் வந்தது, ஆனால் உச்ச விலைக்குப் பஞ்சை வாங்கிக் கிடங்கில் அடுக்கிய பிறகு வந்தது. அடுத்த வருஷம் விலை 60,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியபோது, திருப்பூர் ஆர்டர்களும் மெலிந்து, நூலைக் கேட்பார் இல்லை. 2023 ஜூலை 15 முதல் உற்பத்தியை நிறுத்திவைக்கப் போவதாகத் தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர நூற்பாலைகள் அறிவித்தன. விலை ஏறியபோது தறி நின்றது. விலை இறங்கியபோது மில் நின்றது. இரண்டு தடவையும் கூலியை இழந்தவர் ஒருவரே.

அந்தக் கூலிக் குறைவு வீட்டுக்குள் எவ்வாறு பரவுகிறது என்பதை அறிய, மளிகைக் கடைப் பற்று நோட்டைப் போன்ற சாட்சியம் வேறொன்றும் இல்லை. சத்திரப்பட்டியில் ஒரு கடையில் அத்தகைய நோட்டு ஒன்றைப் புரட்டிப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. நல்ல மாதத்தில் நல்லெண்ணெய் ஒரு லிட்டர் என்று முழுதாக எழுதியிருந்த இடத்தில், பிறகு பாமாயில் என்றும் கால் லிட்டர் என்றும் வருகிறது. துவரம்பருப்பு இரண்டு கிலோவிலிருந்து ஒன்றாகி, அரையாகி, கடைசியில் ரேஷனில் கிடைத்த வரைக்கும் போதும் என்று நோட்டைவிட்டே மறைகிறது. காபித்தூள் பொட்டலம் சின்னப் பாக்கெட்டாகிறது. துவைக்கிற சோப்பு மட்டும் இருக்கிறது, குளிக்கிற சோப்பு இல்லை. குழந்தைக்கு வாங்கும் பிஸ்கட் மாத்திரம் எல்லாப் பக்கங்களிலும் மாறாமல் நிற்கிறது. நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு பெண்மணி வந்து, குரலைத் தாழ்த்தாமலே, "அண்ணாச்சி, இந்த வாரமும் பாவு வரலை, அடுத்த சனிக்கிழமை சேர்த்துத் தந்துருறேன்" என்றார். கடைக்காரர், "சரி தாயி, எழுதிக்கிறேன்" என்று பதில் சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்தார். அவருக்கும் ராஜபாளையத்து மொத்தக் கடையில் பாக்கி இருந்தது. அதை அந்தப் பெண்மணி போன பிறகுதான் சொன்னார். ஒருவர் தவணை கேட்க, அடுத்தவர் தம் தவணையை நீட்டிக்கொள்ள, இவ்வாறு ஒரு தெருவின் கஷ்டம் ஊரின் கஷ்டமாகிறது.

மளிகைக் கடைக்காரர் பொறுத்துக்கொள்வார்; முகம் தெரிந்தவர். பொறுக்காதவை இரண்டு: பள்ளிக்கூடத்துக் கட்டணம் ஒன்று, வாரக் குழுக் கடன் மற்றொன்று. தெருவில் பத்துப் பதினைந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர்களை ஜாமீனாக்கி, கடன் கொடுத்து வாராவாரம் வசூலிக்கும் அந்த ஏற்பாட்டில், பாவு வராத வாரம் என்று ஒரு வாரம் கிடையாது. தவணை கட்ட முடியாதவளுக்காக மற்ற பெண்கள் கட்ட வேண்டியிருப்பதால், கடன்காரனுக்கு முன்னால் தலைகுனிவதற்கு முன்பே அவள் அடுத்த வீட்டுக்காரிக்கு முன்னால் தலைகுனிகிறாள். ஆகவே நகை போகிறது. முதலில் மோதிரம், பிறகு தோடு, பிறகு கழுத்துச் சங்கிலி. இறுதியில் தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு கொடியை அடகுக்கடைக்கு அனுப்புகிறார்கள். இந்தக் கிரமத்தைத் தீர்மானிப்பவளும் நிறைவேற்றுபவளும் வீட்டுப் பெண்ணே. ஒரு கடையில் முதிர்ந்த அடகை மீட்க இன்னொரு கடையில் கைமாற்று வாங்கி, மீட்ட நகையை உடனே மேலும் கொஞ்சம் தொகைக்கு மறுபடி வைக்கும் சாமர்த்தியத்தை, எந்தக் கல்லூரியிலும் படிக்காமலே அவள் கற்றிருக்கிறாள். கூட்டுறவு ஸ்தாபனங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக் கடன்கள் தள்ளுபடி செய்யப்படும் என்று 2021-ல் மாநில சர்க்கார் அறிவித்தது பலருக்கு விமோசனமாயிற்று. ஆனால் அவசரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் திறந்திருக்கும் தனியார் அடகுக்கடையில் வைத்த நகைக்கு அந்த அறிவிப்பால் பயன் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நிலைமை சற்றே வேறு. கோவிலும் கோவிலை நாடி வரும் யாத்ரீகர்களும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் அந்த ஊருக்கு வெளியூர்ப் பணத்தைக் கொண்டுவருகின்றன. சுற்றுக் கிராமங்களில் ஒரு கறவை மாடு வைத்திருப்பவருக்குப் பால் சங்கம் தருகிற பணம், தறி நின்ற வாரத்திலும் நிற்பதில்லை. மாடு உள்ள நெசவுக் குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம் மந்தகாலத்தில்தான் வெளிப்படுகிறது.

மந்தத்தைக் குறித்து நான் சொல்ல வேண்டிய விஷயமும் இதுவே. நெருக்கடி ஒரு சமூகத்தைக் காத்திருக்க முடிந்தவர், முடியாதவர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. பின்னவரிடமிருந்து முன்னவருக்குச் சொத்து கைமாறுகிறது. பஞ்சு விலை வீழ்ந்தபோது கிடங்கைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தவர் பிழைத்தார். வெடித்த பருத்தியை அதே வாரம் விற்றாக வேண்டிய கரிசல்காட்டு விவசாயி பிழைக்கவில்லை. இது இன்று நேற்று ஏற்பட்ட விதியன்று. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த சில வருஷங்களுக்குள் சென்னை மாகாணத்தில் நெல்லும் பருத்தியும் நிலக்கடலையும் ஏறத்தாழ பாதி விலைக்கு இறங்கின. நிலவரியும் கடன் வட்டியுமோ பழைய ரூபாய்க் கணக்கிலேயே நின்றன. ஒரு மூட்டை விற்றுக் கட்டிய கிஸ்திக்கு இரண்டு மூட்டை விற்க வேண்டியதாயிற்று. கடல் கடந்து போனவர்கள் அனுப்பிய பணமும் வற்றியது. மலேயாவில் ரப்பர் விலை வீழ்ந்ததும் தோட்டத் தொழிலாளர்கள் லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்துக்கும் பவுண்டுக்கும் இருந்த தொடர்பை அறுத்தவுடன் தங்கத்தின் விலை ஏறவே, கிராமத்துப் பெட்டிகளில் இருந்த நகைகள் உருக்கப்பட்டுப் பம்பாய் வழியாக லண்டனுக்குப் போயின. இந்தியா தங்கம் ஏற்றுமதி செய்கிறது என்று அதிகாரிகள் திருப்தியோடு எழுதினார்கள். அது எந்தக் காதுகளிலிருந்தும் கழுத்துகளிலிருந்தும் வந்தது என்பதை அவர்கள் எழுதவில்லை.

எனினும் அந்தக் காலத்துக்கு ஒரு பெருமை உண்டு. அடிபட்டவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1935-ல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தலைமையாகக் கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபிக்கப்பட்டது. உறுப்பினருக்கு நூலைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்வதால், விற்காத சரக்கு நெசவாளியின் திண்ணையில் தேங்காமல் சங்கத்தின் கிடங்கில் தேங்கிற்று. அதாவது காத்திருக்கும் பாரத்தைச் சங்கம் ஏற்றது. விவசாயத்தில் போட்டுப் பயனில்லாமற்போன மூலதனம் தமிழ்நாடெங்கும் ஆலைத்தொழிலை நாடத் தொடங்கிய அந்த வருஷங்களில்தான், 1936-ல், பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பித்தார். மலையடிவாரத்து விவசாய ஊர் நூற்பாலை நகரமானது அங்கிருந்து தொடங்குகிறது. 1938-ல் ராஜாஜியின் மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முந்திய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவை நின்ற வட்டி முழுவதையும் அது ரத்து செய்தது. அசலைப் போல் இரட்டிப்புத் தொகை செலுத்திவிட்டவனுக்குக் கடனே தீர்ந்தது. அதன் துணிச்சலை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு ஏற்படுகிறது. ஆனால் அச்சட்டத்தின்படி விவசாயி என்பவன் நிலத்தில் விற்கத்தக்க பாத்தியதை உடையவன். நிலமற்ற கூலிக்கு அதில் இடமில்லை. நிலம் உள்ளவனுக்குச் சட்டமும் கைத்தறிக்காரனுக்குச் சங்கமும் அவகாசம் கொடுத்தன; பின்னாளில் விசைத்தறியில் கூலிக்கு நெய்ய வந்தவனுக்கு இரண்டும் எட்டவில்லை.

இன்று அரிசிக்கு அந்தக் காலத்து அச்சம் இல்லை. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். 2022-ல் ஆரம்பித்த காலை உணவுத் திட்டத்தால் பள்ளிக் குழந்தையின் முதல் வேளையும் நிச்சயமாயிற்று. இதை அலட்சியமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1930-களில் பட்டினியாக முடிந்த சங்கடம் இன்று கடனாக மாறி நிற்கிறதென்றால், இடையில் நிற்பது அந்த அரிசிதான். எஞ்சியிருப்பது கடனின் காலக்கெடு. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா, கடன் வசூலில் மிரட்டுவதையும் பலவந்தம் செய்வதையும் குற்றமாக்குகிறது, அவசியமான காரியம். ஆனால் வசூலிக்கிறவரின் நடத்தையைத் திருத்துவது வேறு, வசூலிக்கும் நாளைத் தள்ளிவைப்பது வேறு. பின்னதற்கும் முன்மாதிரி இல்லாமலில்லை: 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணைகளை ஒத்திப்போட ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. அப்போது வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பாவு வராத வாரத்தைக் கண்டறிய ஒரு கமிஷனும் வேண்டியதில்லை. தறி முதலாளியின் கூலி நோட்டில் அந்த வாரத்துக்கு நேரே தொகை எழுதப்பட்டிராது. அதையே அத்தாட்சியாகக் கொண்டு, அடுத்த பாவு ஏறும் வரைக்கும் வட்டி கூடாமல் தவணையை நிறுத்திவைக்கும் விதி ஒன்றை, தன்னிடம் உரிமம் பெற்று வாரக் குழுக் கடன் கொடுக்கும் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி பிறப்பிக்க முடியும். அதற்குப் பட்ஜெட்டிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க வேண்டியதில்லை.