கண்ணுக்குத் தெரியாத கணக்குப்பிள்ளை

அக்கா ஒரு மகளிர் குழுவின் தலைவி. குழு அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கூட்டம், முகாம், சுற்றுலா என்று பத்து வருடப் படங்கள் அதில் இருக்கின்றன. மொத்தம் 18,000 படங்கள்.

போன மாதம் குழுவில் இருந்த ஒரு பாட்டி இறந்துபோனார். அவருடைய மகள் அக்காவிடம் வந்தாள்.

“வீட்டில் அம்மா படம் ஒன்றுகூட இல்லை அக்கா. கண் முகாமில் நீங்கள் படம் எடுத்தீர்களே, அதில் அம்மா இருப்பாங்களா? மாலை போட்டு வைக்கணும்” என்றாள்.

எந்த வருடத்து முகாம்? யாருக்கும் நினைவில்லை. 18,000 படங்களில் எங்கே தேடுவது? கம்ப்யூட்டர் கடைத் தம்பியைக் கூப்பிட்டார் அக்கா. அவன் ‘டிஜிகேம்’ என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் அது. 2001-இல் தொடங்கியது. காசு கொடுக்க வேண்டாம். இந்திய மாணவர்களும் அதற்கு உழைத்திருக்கிறார்கள். “முகங்களைக் கண்டுபிடி” என்று அதற்குக் கட்டளை கொடுத்துவிட்டுத் தம்பி போனான்.

ஒரு மணி நேரம் ஆனது. கம்ப்யூட்டரின் விசிறி இரைந்தது. பெட்டி சுட்டது. மவுஸ் நகர மறுத்தது.

“வைரஸ் வந்துவிட்டது! பிளக்கைப் பிடுங்குங்கள். படங்களோடு புதிதாக ஏதோ கோப்புகள் இருக்கின்றன பாருங்கள். அவற்றை அழித்துவிடுங்கள்” என்றார் அங்கே வந்த ஒருவர்.

அக்காவின் கை பிளக் வரை போனது. பிறகு நின்றது. “கேட்டுவிட்டுச் செய்வோம்” என்று தம்பிக்குப் போன் செய்தார்.

“எதையும் அழிக்காதீங்க அக்கா. இதோ வர்றேன்” என்றான் தம்பி.

உள்ளே என்ன நடக்கிறது?

“தம்பி, நான் எதையும் தொடவில்லை. ஆனாலும் இது ஓடிக்கொண்டே இருக்கிறதே?”

“அக்கா, நம்ம குழுவுக்குப் பேரேடு எதற்கு?”

“யார் எவ்வளவு கட்டினார்கள் என்று உடனே பார்க்கத்தான். பேரேடு இல்லை என்றால் எல்லா ரசீதையும் புரட்ட வேண்டுமே.”

“அதேதான். இந்த மென்பொருளும் ஒரு பேரேடு எழுதுகிறது. ஒவ்வொரு படத்தையும் திறக்கிறது. என்று எடுத்தது, எங்கே முகம் இருக்கிறது என்று பார்க்கிறது. குறித்து வைக்கிறது. நாம் வேறு வேலை பார்க்கும்போதும் அது எழுதிக்கொண்டே இருக்கும். அதனால் இதைப் பின்னணி வேலை என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

“அதற்கு இத்தனை நேரமா?”

தம்பி கணக்குப் போட்டான். ஒரு படத்துக்கு 2 விநாடி என்று வைப்போம். 18,000 படத்துக்கு 36,000 விநாடி. அதாவது 10 மணி நேரம்!

முதல் முறைதான் இவ்வளவு நேரம். அடுத்த முறை, ஏற்கெனவே பார்த்த படங்களை விட்டுவிடச் சொல்லலாம். புதுப் படங்களை மட்டும் பார்க்கும். வேலை சீக்கிரம் முடியும்.

வைரஸா, வேலையா?

சந்தேகம் வந்தால் பார்த்துவிடலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த மென்பொருள் எவ்வளவு உழைக்கிறது என்று அது காட்டும். அங்கே டிஜிகேம் முதலில் நின்றது. தாங்களே போட்ட மென்பொருள், தாங்களே கொடுத்த வேலை. பயமில்லை.

முன்பின் தெரியாத பெயர் நின்றால், விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

பிளக்கைப் பிடுங்கினால் என்ன?

பேரேடு எழுதும்போது யாராவது வெடுக்கென்று பிடுங்கினால் என்ன ஆகும்? பக்கம் கிழியலாம். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். எழுதும்போது மின்சாரம் போனால் பேரேட்டுக் கோப்பு பழுதாகலாம். யுபிஎஸ் இருந்தால் நல்லது.

வேலையை நிறுத்த வேண்டுமா? திரையின் அடியில், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை இருக்கும். அங்கேயே நிறுத்தும் குறியும் உண்டு. அதை அழுத்துங்கள். பிறகு மென்பொருளை முறையாக மூடுங்கள். மறுநாள் மீண்டும் தொடங்கலாம்.

பெட்டி மிகவும் சூடானால் இன்னொரு வழியும் உண்டு. செயலியின் எல்லாப் பகுதிகளையும் பயன்படுத்து என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேலை மெதுவாக நடக்கும். பெட்டியும் அவ்வளவு சூடாகாது.

அழித்தால் என்ன?

அந்தப் புதிய கோப்புகள்தான் பேரேடு. அவற்றின் பெயர் ‘டிபி’ என்று முடியும். அவற்றை அழித்தாலும் படங்கள் போகாது. ஆனால் அவற்றில் மட்டும் குறித்து வைத்த பெயர்கள் போய்விடும். நாள் கணக்கில் உட்கார்ந்து “இவர் இன்னார்” என்று எழுதிய உழைப்பு ஒரு நொடியில் வீணாகும்.

பெயர்களைப் படக் கோப்பின் உள்ளேயே எழுதி வைக்கும் வசதியும் இதில் உண்டு. அப்படி எழுதினால் பேரேடு தொலைந்தாலும் பெயர் நிற்கும்.

எப்படியும் நகல் வேண்டும். மென்பொருளை மூடிய பிறகு, படங்களையும் பேரேட்டுக் கோப்புகளையும் வேறொரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள். மூடாமல் எடுத்தால் பாதி எழுதிய பேரேடு நகலாகலாம்.

முகங்கள் வெளியே போகுமா?

அக்கா இன்னொன்றும் கேட்டார். “நம் பெண்களின் முகங்கள் இண்டர்நெட்டில் யாருக்காவது போகுமா?”

டிஜிகேம் நம் கம்ப்யூட்டரிலேயே முகங்களைப் பார்க்கிறது. இந்த வேலைக்காகப் படங்களை வெளியே அனுப்புவதில்லை. ஆனால் எல்லா மென்பொருளும் இப்படி இல்லை. கூகுள் போட்டோஸ் போன்றவற்றில் நாம் ஏற்றும் படங்கள் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் இருக்கும். அதில் முகங்களைப் பிரித்து அடுக்குவதை அமைப்புகளில் நிறுத்தலாம். எதைப் பயன்படுத்தினாலும் முதலில் இதைக் கேளுங்கள். பெயர் குறிக்கும் முன் உரியவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறுநாள் காலை

இரவு முழுவதும் கம்ப்யூட்டர் ஓடியது. காலையில் அமைதியாக இருந்தது. திரையில் முகங்கள் மட்டும் வரிசையாக வந்தன. நூற்றுக்கணக்கான முகங்கள். கண்டுபிடித்தது கம்ப்யூட்டர். அடையாளம் சொல்ல வேண்டியது மனிதர்தான். அக்கா பொறுமையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

ஓரிடத்தில் நின்றார். கண் முகாமின் வரிசை. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பாட்டி சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா அந்த முகத்தின் கீழே பாட்டியின் பெயரை எழுதினார். பிறகு மகளுக்குப் போன் செய்தார். “அம்மா கிடைச்சுட்டாங்க, வா” என்றார்.

நினைவில் வைப்போம்

1. முதல் முறை நேரமாகும். பொறுத்திருப்போம்.
2. பிளக்கைப் பிடுங்க மாட்டோம். முறையாக நிறுத்துவோம்.
3. தெரியாத கோப்பை அழிக்கும் முன் கேட்போம்.
4. மென்பொருளை மூடிவிட்டு நகல் எடுப்போம்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் வீட்டுப் படங்கள் எங்கே இருக்கின்றன? அவற்றுக்கு நகல் இருக்கிறதா? உங்களிடம் 6,000 படங்கள் இருந்தால், ஒரு படத்துக்கு 2 விநாடி வீதம் எத்தனை மணி நேரம் ஆகும்?